கிரியானும் (கணைய நொதி கேப்ஸ்யூல்) கொலஸ்டைரமினும் (பித்த அமிலத்தைப் பிடிக்கும் பவுடர்) சேர்ந்து எடுப்பவர்கள் நேரம் சொல்லி உதவுங்கள்

அம்மாவுக்கு வயது 61, கோவை. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் புற்றுநோய்), கிரேடு 1, அதாவது மெதுவாக வளரும் வகை, கல்லீரலிலும் பரவியிருக்கிறது. போன வருடம் அந்தக் குடல் பகுதியை எடுத்துவிட்டார்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை கட்டி சுரக்கும் ஹார்மோனை அடக்க ஆக்ட்ரியோடைடு எல்ஏஆர் 30 மி.கி. ஊசி. முகம் சிவப்பது நின்றுவிட்டது, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. எடை இறங்கிக்கொண்டே போவதுதான் பயமாக இருக்கிறது.

முதலில் மலம் வெளிறி, எண்ணெய்ப் பிசுக்கோடு மிதந்தது. ஊசி கணைய நொதியைக் குறைப்பதால் கொழுப்பு செரிக்கவில்லை என்று கிரியான் 25,000 கொடுத்தார்கள். முதல் கவளத்தோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று, டிபனுக்கும் பாலுக்கும் ஒவ்வொன்று. பிசுக்கு போய்விட்டது. ஆனால் சாப்பிட்ட கையோடு மஞ்சளாகத் தண்ணீர் மாதிரி போவது தொடர்கிறது. லோபராமைடு (வயிற்றுப்போக்கு மாத்திரை), காரம் குறைத்தது எதுவும் போதவில்லை. குடலின் அந்தப் பகுதியை எடுத்ததால் பித்த அமிலம் உறிஞ்சப்படாததுதான் காரணம் என்று இப்போது கொலஸ்டைரமின் பவுடர் 4 கிராம் எழுதியிருக்கிறார்கள்.

அது மற்ற மருந்துகளையும் வைட்டமின் ஏ, டி, இ, கே-யையும் பிடித்துக்கொள்ளும். அவற்றைப் பவுடருக்கு 1 மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் கழித்தோதான் தர வேண்டும். கிரியானோ சாப்பாட்டோடு போக வேண்டியது. பி12 ஊசியாகப் போகிறது, அதில் சிக்கலில்லை.

இரண்டையும் எடுப்பவர்கள், காலை முதல் இரவு வரை சாப்பாடு, பவுடர், கிரியான், வைட்டமின் நேரங்களை எப்படிப் பிரித்திருக்கிறீர்கள்?