புதுப்பிப்பு: விண்டோஸ் 7, லினக்ஸ் மின்ட் இரண்டும் ஒரே கணினியில்

பழைய ஸ்கேனருக்காக விண்டோஸ் 7-ஐ அழிக்காமல், பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு இயங்குதளத்தை நிறுவ வழி கேட்டிருந்தேன். இரண்டும் இப்போது நன்றாக ஓடுகின்றன. வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

ஒரே தொல்லை கடிகாரம். மின்ட்டிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் நேரம் சரியாக ஐந்தரை மணி பின்தங்கியது. கணினியின் கடிகாரத்தை ஓட வைக்கும் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருக்கும் என்று சிலர் சொன்னீர்கள். பேட்டரி காரணமென்றால் பிழை இவ்வளவு துல்லியமாக இருக்காது! மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருப்பது) எழுதுகிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரமாகப் படிக்கிறது. உள்ளூர் நேரத்தையே பின்பற்றும்படி மின்ட்டை மாற்றினேன், சரியாகிவிட்டது.

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரியில் பொதுப் பயனர்களுக்கு நின்றுவிட்டன. அதனால் அதில் இணையத்தை அடியோடு துண்டித்துவிட்டேன். வங்கி, மின்னஞ்சல் எல்லாம் மின்ட்டில்தான்.