சிக்னலில் அணைந்துபோகும் கார்: இன்னும் செலவு செய்வதா, கைகழுவுவதா?

குரோம்பேட்டைக்காரன்

என்னிடம் இருப்பது 2011-இல் பதிவான பெட்ரோல் கார். கடந்த கோடையிலிருந்து அதற்கு ஒரு புதுப் பழக்கம். விடியற்காலையில் சமர்த்தாக ஓடுகிறது. வெயில் ஏறியபின் நெரிசலில் ஊர்ந்தால், கத்திப்பாராவுக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் எங்காவது அணைந்துவிடுகிறது. செல்ப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தி வைத்தால் எதுவுமே நடக்காததுபோலக் கிளம்புகிறது. முதல் மெக்கானிக் பெட்ரோல் பம்ப் என்றார், மாற்றினோம். அடுத்தவர் இக்னிஷன் காயில் என்றார், அதையும் மாற்றினோம். மூன்றாமவர் பானெட்டைக்கூடத் திறக்காமல், "வண்டியையே மாற்றிவிடுங்கள் சார்" என்றார்.

அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஆறு மணிக்குப் போய்ச் சேருவதில் சிக்கல் இல்லை. முடித்துத் திரும்புவது பதினோரு மணி வெயிலில். களைத்துப்போன மனிதரை வண்டிக்குள் உட்கார வைத்துவிட்டு நான் சாலையோரம் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறேன். 2026-இல் ஆர்.சி. வேறு காலாவதியாகிறது. டெல்லியைப் போல இங்கும் 15 ஆண்டு ஆன வண்டிகளைப் பிடித்துவிடுவார்கள் என்று அலுவலகத்தில் ஒரே பேச்சு. இதைக் கடந்து வந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

பெரம்பூர் ஃபிட்டர்

தம்பி, இரண்டு பேர் பாகத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். எதை அளந்து பார்த்து அந்தப் பெயருக்கு வந்தார்கள் என்று சொல்லவில்லை. ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு.

கார்புரேட்டர் காலத்தில் வண்டி சூட்டில் அணைந்தால், பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்திருக்கும். ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம். கம்ப்யூட்டர் உள்ள உங்கள் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிராங்க் சென்சார். எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் சுற்றுகிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். வயதான சென்சாரின் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச்சுற்று சூட்டில் தொடர்பை இழந்தால், எஞ்சின் நின்றுவிட்டதாக நினைத்துக் கம்ப்யூட்டர் பொறியையும் பெட்ரோலையும் நிறுத்திவிடும். ஆறியதும் தொடர்பு திரும்பிவிடும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் வண்டி நல்ல பிள்ளையாக நிற்பதும் இதனால்தான். அணைந்த அந்த நிமிடத்திலேயே, கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, செல்ப் அடித்துப் பாருங்கள். செல்ப் சுற்றும்போதும் ஆர்.பி.எம்., அதாவது எஞ்சின் சுற்றும் வேகம், பூஜ்யம் என்று காட்டினால் சென்சாரோ அதற்குப் போகும் வயரோதான். புதுக் காருக்குக் கட்டும் ஒரு மாதத் தவணைகூட அதற்கு ஆகாது.

என் வண்டிக்கும் ஒருவர் இறுதித் தீர்ப்பு எழுதினார். பேப்பர் மில்ஸ் சாலை நெரிசலில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டதும், எஞ்சினையே பிரித்து வேலை பார்க்க வேண்டும், பேசாமல் காயலான் கடைக்குத் தள்ளுங்கள் என்றார். ரேடியேட்டரைக் கழற்றினால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படிவு. சென்னையில் வண்டி சூடானால் எல்லோரும் வெயிலைத் திட்டுகிறார்கள். பாதிப் பழி நாம் ரேடியேட்டரில் ஊற்றும் போர் தண்ணீருக்குப் போக வேண்டும். குளியலறை கெய்சரில் உப்பு படிகிற மாதிரியேதான் ரேடியேட்டரிலும் படிகிறது. "மெட்ராஸ் வெயிலுக்கு இது எதற்கு" என்று, எஞ்சின் சூட்டைச் சரியான அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும்; இவர்களோ வண்டிக்கு வயதாகிவிட்டது என்பார்கள். புதுப்பேட்டையில் ஒரு ரேடியேட்டர் வாங்கிப் பூட்டி, கூலன்ட்டைச் சரியான விகிதத்தில் ஊற்றியபின் முள் நடுவிலேயே நிற்கிறது.

விசிறியையும் பாருங்கள். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரை ஆற்றிவிடும். நெரிசலில் விசிறி மட்டுமே துணை. அதன் ரிலே போயிருந்தால் நெடுஞ்சாலையில் ஓட்டும்போது தெரியவே தெரியாது, நெரிசலில்தான் தெரியும்.

இன்னொன்று: பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. 2011-இல் வந்த வண்டிகளை அந்த அளவுக்கென்று வடிவமைக்கவில்லை. ரப்பர் குழாய்களைத் தொட்டுப் பார்த்து, வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள்.

வேளச்சேரி வாசகி

ஃபிட்டர் அய்யா சொல்வது ஒரே ஒரு கோளாறு உள்ள வண்டிக்குச் சரி. எங்களுடையது 2015 டிசம்பர் வெள்ளத்தில் இருக்கை வரை மூழ்கிய வண்டி. எஞ்சினைச் சரிசெய்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். அதன்பிறகு வைப்பர் தானாக ஓடும், கதவுப் பூட்டு தானாக விழும், ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். தரைவிரிப்பின் கீழே போகும் வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தது. ஒன்றைச் சுத்தம் செய்தால் இன்னொன்று கிளம்பும். வண்டியைப் பார்த்தவர் நல்ல எலக்ட்ரீஷியன்தான். ஆனால் முழு வயரிங்கையும் உருவி மாற்றினாலொழிய முடியாது என்று அவரே கைவிரித்துவிட்டார்.

2024 அக்டோபர் மழைக்கு முன்னால் ஊரே வண்டிகளைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்தியதே, அந்த வரிசையில் எங்கள் வண்டியும் இருந்தது. ரெட் அலர்ட் விட்ட மறுநாள் பெரிய மழை இல்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டே வண்டிகளை எடுத்துப் போனார்கள். இந்த முறை வெள்ளமே தொடாத எங்கள் வண்டி பாலத்தின் மேலேயே செத்துக்கிடந்தது. ரெக்கவரி வண்டிக்காரர் வந்து தூக்கும்வரை பின்னால் வந்த ஒவ்வொருவரும் ஹாரன் அடித்தார்கள். என் கணவருக்கு அன்று வந்த கோபத்தில் அந்த வாரமே விற்றுவிட்டோம்.

பழைய வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு: சீட் பெல்ட்டை அதன் கடைசி அங்குலம் வரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியைப் பளபளவென்று கழுவியிருப்பார்கள். பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழியில் துருவையும் பாருங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை மட்டும் செல்ப் அடித்துப் பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை அழுத்த முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். எஞ்சினுக்கென்று தனிப் பாதுகாப்பு எடுத்திராவிட்டால், அதற்கு இன்சூரன்ஸ் பணம் கேட்டு வாங்குவது பெரும் பாடு.

அண்ணா நகர் கணக்கர்

டெல்லிக் கதையை முதலில் முடித்துவிடுவோம். 10 ஆண்டு டீசல், 15 ஆண்டு பெட்ரோல் என்ற கட்டுப்பாடு தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் தலைநகர்ப் பகுதிக்கு விதித்தது. சென்னைக்கு அது பொருந்தாது. இங்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, தகுதியாக இருந்தால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவை நீட்டிக்கலாம். படிவம் 25, காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே கொடுக்கலாம். 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் மத்திய அரசு 5,000 ஆக்கியது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025-இல் 10,000 ஆகிவிட்டது. பசுமை வரி தனி.

அடுத்தது, எல்லோரும் சொல்லும் அந்தச் சூத்திரம்: ரிப்பேர் செலவு வண்டியின் விற்பனை விலையில் பாதியைத் தொட்டால் விற்றுவிடு. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ஒன்றரை லட்சத்துக்குப் போகிற வண்டிக்கு எந்த ரிப்பேரும் பெரிதாகத்தான் தெரியும். ஒப்பிட வேண்டியது அதற்குப் பதிலாக வரப்போகிற வண்டியின் செலவோடு. ஏழு லட்ச ரூபாய்க் காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 13 சதவீதம், அதாவது 91,000 ரூபாய், முதல் நாளே போய்விடும். மூன்று ஆண்டுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாகக் கட்ட வேண்டும். ஆறு லட்சம் கடனை 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு வாங்கினால் மாதம் ஏறக்குறைய 12,450 ரூபாய். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். கிளட்ச், நான்கு டயர், சஸ்பென்ஷன் மூன்றையும் ஒரே ஆண்டில் மாற்றினாலும் ஒரு சிறிய காருக்கு அந்தத் தொகை வருவது அபூர்வம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்ததைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இவ்வளவு பேசிவிட்டு நானே புதுக் கார் வாங்கினேன். வாங்க வேண்டாம் என்றுதான் கணக்கு சொன்னது. என் பழைய வண்டியில் ஏர்பேக்கும் இல்லை, திடீர் பிரேக்கில் சக்கரங்கள் இறுகாமல் காக்கும் ஏ.பி.எஸ்.-உம் இல்லை. ஓட்டுநர் பக்க ஏர்பேக் நம் நாட்டில் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். மதுரவாயல் பைபாஸில் எனக்கு முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. நான் பிரேக் மிதித்தேன், சக்கரங்கள் இறுகி வண்டி வழுக்கிக்கொண்டே போய்ச் சாண் அளவில் நின்றது. பின்சீட்டில் பேத்தி. அன்று மாலையே ஷோரூமுக்குப் போய்விட்டேன். தம்பி, உங்கள் மாடலில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த இரண்டையும் எந்த மெக்கானிக்காலும் பொருத்தித் தர முடியாது.

வாங்குவதாக இருந்தால் நோ கிளைம் போனஸை விட்டுவிடாதீர்கள். அது வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. ஐந்து ஆண்டு இழப்பீடே கேட்காதவருக்கு, புது வண்டியின் சொந்தச் சேதக் காப்பீட்டுக் கட்டணத்தில் பாதி குறையும். விற்பனைப் பிரதிநிதி தானாக அதைச் சொல்லமாட்டார்.

திருவான்மியூர் கடற்கரை

வண்டியே இல்லாமல் இருக்கலாம் என்று இதுவரை யாரும் எழுதவில்லையே! கடற்காற்றில் எங்கள் காரின் தரைத்தகடு அரித்துப்போய், பஞ்சருக்கு ஜாக்கி வைத்தபோது ஜாக்கி உள்ளே புகுந்துவிட்டது. டிங்கரிங் செய்பவர் தகடு வைத்து வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று எடைக்குப் போட்டுவிட்டோம். அதன்பின் கார் வாங்கவில்லை.

என் அம்மாவுக்கும் டயாலிசிஸ்தான். செயலியில் பதிவு செய்யும் டாக்சியை விடியற்காலையில் நம்பவே முடியாது. ஏற்றுக்கொண்டு பத்து நிமிடம் கழித்து ரத்து செய்வார்கள். தெருமுனை ஸ்டாண்டில் இருக்கும் ஆட்டோக்காரர் ஒருவரிடம் மாதக் கணக்குப் பேசினோம். அவர் வராத நாளில் தன் தம்பியை அனுப்புகிறார். அம்மாவை மாடியிலிருந்து கைபிடித்து இறக்குவதும் அவர்தான். எனக்கு வண்டி ஓட்டும் வேலை இல்லாததால் திரும்பும் வழியில் அம்மாவின் பக்கத்தில் உட்கார முடிகிறது. வெளியூர்ப் பயணத்துக்கு வாடகைக் கார். கணக்கர் அய்யா போட்ட ஒன்றரை லட்சத்தில் இது மொத்தமும் அடங்கி மீதியும் இருக்கிறது. ஆனால் நடு இரவில் மூச்சுத் திணறல் வந்தால் 108-ஐத்தான் கூப்பிட வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

குரோம்பேட்டைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஸ்கேனர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே பதினோரு மணிக்குக் கிண்டியிலிருந்து கிளம்பினேன். வண்டி மீனம்பாக்கத்தில் அணைந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அதற்காகச் சந்தோஷப்பட்டேன். செல்ப் சுற்றும்போது ஆர்.பி.எம். பூஜ்யம். சென்சாரையும் அதன் வயர் இணைப்பையும் மாற்றியிருக்கிறோம். அதற்குப்பின் இதுவரை அணையவில்லை.

மனைவிக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஏர்பேக் இல்லை என்பதைப் படித்துக்காட்டியதிலிருந்து அவள் கணக்கர் அய்யா பக்கம். இப்போதைக்கு அப்பாவின் மூன்று நாளுக்கு ஆட்டோ பேசியாயிற்று. அந்த நாட்களிலும் நான் காரை அதே நேரத்தில், அதே வழியில் தனியாக ஓட்டிப் பார்க்கப்போகிறேன். ஆர்.சி. முடிவதற்குள் ஒரு கோடை முழுக்க நிற்காமல் ஓடினால் புதுப்பிப்பேன். ஒரே ஒருமுறை அணைந்தாலும் விற்றுவிடுவேன்.

அம்பத்தூர் எஸ்டேட்

விற்கும் நிலை வந்தால் ஒன்று. என் மைத்துனர் தன் பழைய காரைத் தரகரிடம் கொடுத்து, வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டார். தரகர் பெயர் மாற்றாமலே அதைக் கைமாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். வண்டி இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியாது. சிக்னல் தாண்டிய அபராதம் மட்டும் மைத்துனரின் செல்பேசிக்கு வந்துகொண்டிருக்கிறது. அபராதத்தோடு போனால் பரவாயில்லை. விபத்து நடந்தால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆகவே பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவரின் பெயரை எழுதியபின் கையெழுத்துப் போடுங்கள். விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு நீங்களே தகவல் கொடுங்கள். உடைப்பதற்கென்று விற்றால் பதிவை ரத்து செய்த ஆவணத்தை வாங்காமல் விடாதீர்கள். ஃபாஸ்டாகையும் கண்ணாடியிலிருந்து உரித்துவிட்டுக் கணக்கை மூடிவிடுங்கள். பரனூர் சுங்கச்சாவடியைக் கடந்த கட்டணம் போன மாதம்கூட மைத்துனர் கணக்கிலிருந்துதான் போனது.