பாங்காக்கில் காலை எட்டு மணி

பாங்காக் போன இரண்டாம் நாள் காலை லும்பினி பூங்காவில் நடந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஓடிய பையன் சட்டென்று நின்றான். எதிரே வந்த அம்மாவும் நின்றார். யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் போல என்று சுற்றிப் பார்த்தால், பூங்காவே அசையாமல் நிற்கிறது. ஒலிபெருக்கியில் தேசிய கீதம். நானும் நின்றேன். பாட்டு முடிந்த நொடி, பையன் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கினான். தினமும் காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இப்படித்தான். ரயில் நிலையத்திலும் இதே காட்சியைப் பார்த்தேன்.

அதன்பிறகு என் கண் மனிதர்களின் உடம்பையே கவனிக்க ஆரம்பித்தது. உட்கார்ந்திருக்கும் பெரியவர் முன்னால் கடந்து போகிறவர்கள் தோளைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு போகிறார்கள். கும்பிடுவதை 'வாய்' என்கிறார்கள். நமக்கு வணக்கம் என்றால் கை நெஞ்சுக்கு நேரே குவியும், அவ்வளவுதான். அங்கே ஆளைப் பொறுத்து உயரம் மாறும். பெரியவர் என்றால் கட்டைவிரல் மூக்கைத் தொடும். பிக்கு என்றால் புருவ மத்தி வரை போகும்.

வாட் போ கோயிலில் ஒரு தவறு செய்தேன். 46 மீட்டர் நீளச் சயன புத்தரைப் பார்த்துவிட்டு, பக்கத்து வழிபாட்டு மண்டபத்தில் தரையில் உட்கார்ந்தேன். நடந்த களைப்பில் கால் தானாக நீண்டுவிட்டது, புத்தருக்கு நேராக. பக்கத்தில் இருந்த பாட்டி என் முழங்காலை இரண்டு தட்டு தட்டினார். பிறகு தன் கால்களை ஒரு பக்கமாக மடக்கி, பாதத்தைப் பின்னால் ஒதுக்கிக் காட்டினார். முகத்தில் கோபமே இல்லை. நானும் அப்படியே மடக்கியதும் தலையை ஆட்டிச் சிரித்தார். சாமி விளக்கு பக்கம் கால் நீட்டாதே என்று எங்கள் வீட்டிலும் சொல்லித்தான் வளர்த்தார்கள். அது எனக்கு எப்படி மறந்தது என்று இன்னும் மனசு உறுத்துகிறது.

ஆனால் அந்த ஊரை நெருக்கமாக்கியது, தங்கியிருந்த சந்தின் முனையில் இருந்த சோற்றுக்கடைதான். வாசலிலேயே கம்பத்தின் மேல் ஒரு குட்டி வீடு, அந்த இடத்தைக் காக்கும் தெய்வத்துக்கு. தினமும் அதன் முன்னால் ஸ்ட்ரா போட்ட சிவப்பு ஃபாண்டா பாட்டில் இருக்கும். கடைக்கார அம்மாவை எல்லாரும் 'பா' என்றுதான் கூப்பிடுவார்கள். பெரியம்மா என்று அர்த்தம். வயதில் மூத்தவர் 'பீ', இளையவர் 'நோங்'. முன்பின் தெரியாதவரையும் அக்கா, தம்பி என்று கூப்பிட்டே பழகிய எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. குழம்பைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, காற்றோடு உப்பலாக வைத்து, ரப்பர் பேண்டை விறுவிறுவென்று சுற்றிக் கட்டுவார். ஒரு சொட்டு சிந்தாது.

என்னைப் பார்த்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "கின் காவ் ரூ யங்?" 'கின்' என்றால் சாப்பிடுவது, 'காவ்' என்றால் சோறு. சாப்பிட்டாச்சா என்பதுதான். ஊர் திரும்பும் நாள் காலையிலும் கேட்டார். "கின் லேவ்", சாப்பிட்டாச்சு என்றேன். அப்படியும் இரண்டு வாழைப்பழத்தை எடுத்து என் பைக்குள் வைத்தார். நான் கை குவித்தேன், கட்டைவிரல் மூக்கைத் தொடும் உயரத்தில்.