மேகி நழுவவிட்ட பொட்டலம்: 'மை பெஸ்ட் கேர்ள்' பார்த்த அனுபவம்

ஊமைப்படம் என்றால் சாப்ளின், கீட்டன் என்றே இருந்தவன் நான். காய்ச்சலில் தூக்கம் வராத ஒரு ராத்திரி 'மை பெஸ்ட் கேர்ள்' கண்ணில் பட்டது. 1927இல் வந்த படம். சாம் டெய்லர் இயக்கம். மேரி பிக்ஃபோர்டுக்கு அதுதான் கடைசி ஊமைப்படம்.

மேரி நடிக்கும் மேகி, ஒரு கடையின் சரக்கறையில் வேலை செய்யும் பெண். முதலாளி மகன் ஜோ, பெயரை மாற்றிக்கொண்டு அங்கேயே வேலைக்குச் சேர்கிறான். முடிவு எப்படி இருக்கும் என்று அப்போதே தெரிந்துவிடும். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

வேலை முடிந்து மேகி லாரியின் பின்னால் தொற்றி உட்கார்ந்துகொள்வாள். வண்டி நகரும்போது கையிலிருப்பதை வேண்டுமென்றே நழுவவிடுவாள். ஜோ பொறுக்கிக்கொண்டு ஓடிவந்து கொடுப்பான். மறுபடி நழுவும். 'ஏறி என் பக்கத்தில் உட்காரேன்' என்பது அவள் முகத்தில் மட்டும்தான் இருக்கும். மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். அப்புறம் கொட்டுகிற மழையில், வண்டிகளுக்கு நடுவே, எதையும் கவனிக்காமல் இருவரும் பேசிக்கொண்டே நடக்கும் காட்சி. அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

கடைசியில் ஜோவைத் தன்னிடமிருந்து விலக்க, தான் கெட்டுப்போனவள் மாதிரி நடிப்பாள். உதட்டுச் சாயத்தை அப்பிக்கொண்டு ஆட்டம் போடுவாள். கண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்தது.

*

(இதைப் படித்த ஒருவரின் பதில்) நீங்கள் சொன்ன லாரி காட்சி எங்கள் வீட்டிலும் பிரசித்தம். நான் இந்தப் படத்துக்கு வந்தது வேறு வழியில். ஜோவாக நடித்த சார்லஸ் 'பட்டி' ராஜர்ஸ், மேரியைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பத்து வருடம் கழித்து, 1937இல், நிஜமாகவே இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். 1979இல் மேரி இறக்கும்வரை சேர்ந்தே இருந்தார்கள். இதைப் படித்த பிறகுதான் படத்தைத் தேடினேன். சரக்கறையில் ஒரு மரப்பெட்டிக்குள் உட்கார்ந்து இருவரும் மதியச் சாப்பாடு சாப்பிடும் இடத்தை அதன்பின் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

அம்மாவையும் உட்காரவைத்தேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. நடுவில் வரும் எழுத்துகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பத்து நிமிடத்தில், "சரி, நீ சும்மா இரு, எனக்குப் புரியுது" என்றார். லாரியிலிருந்து பொட்டலம் இரண்டாவது தடவை விழுந்தபோது திரையைப் பார்த்தே சொன்னார்: "ஏறி உட்காருடா, அதுக்குத்தானே போடுறா!"