டென்னிஸ் பெண்கள் இரட்டையரில் 40-40 ஆனதும் ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடுகிறதே, ஏன்?

கேலரி_அப்பா:
வணக்கம். 2022 செப்டம்பரில் சென்னை ஓபன் பெண்கள் போட்டி நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் நடந்தபோது கடைசி நாள் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒற்றையர் இறுதிப்போட்டிக்காகத்தான் போனோம், லிண்டா ஃப்ருஹ்விர்டோவா மூன்று செட் போராடி ஜெயித்ததையும் பார்த்தோம், ஆனால் மகளுக்குப் பிடித்துப்போனது இரட்டையர். கனடாவின் டப்ரோவ்ஸ்கியும் பிரேசிலின் ஸ்டெஃபானியும் பிளின்கோவா, ஜலமிட்ஸே ஜோடியை 6-1, 6-2 என்று சீக்கிரமே முடித்துவிட்டார்கள். அவள் இன்னும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறாள்.

இப்போது அவளுக்குப் பதினான்கு வயது, கிளப்பில் ஒரு தோழியோடு இரட்டையர் ஆட ஆரம்பித்திருக்கிறாள். டிவியில் பார்க்கும்போது அவள் கேட்கிற கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. ஒற்றையரில் 40-40 வந்தால் தொடர்ந்து இரண்டு புள்ளி எடுக்க வேண்டும், இங்கே ஒரே புள்ளியில் முடிக்கிறார்களே, சர்வ் போடுகிறவருக்கு அது அநியாயம் இல்லையா? ஆளுக்கு ஒரு செட் ஆனதும் மூன்றாவது செட் ஏன் இல்லை? அப்புறம், நான்கு பேர் ஆடும்போது யாரைப் பார்ப்பது என்றே எனக்குப் புரியவில்லை.

வாலி_பிரியா:
சார், முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். டபிள்யூடிஏ (பெண்கள் டென்னிஸ் சங்கம்) போட்டிகளில் இரட்டையருக்கு 40-40 வந்தால் அடுத்த புள்ளிதான் கேமைத் தீர்மானிக்கும். ஆனால் அந்தப் புள்ளிக்கு வலப்பக்கம் சர்வ் வர வேண்டுமா இடப்பக்கமா என்பதை ரிட்டர்ன் ஆடும், அதாவது சர்வைத் திருப்பி அடிக்கும் ஜோடிதான் முடிவு செய்யும், அதாவது இருவரில் யாருடைய ரிட்டர்ன் அன்று நன்றாக விழுகிறதோ அவரிடம் பந்தை வரவழைக்கலாம். சர்வ் போடுகிறவருக்குக் கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆளுக்கு ஒரு செட் ஆனால் மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 புள்ளி டை பிரேக், அதாவது கேம் கணக்கு இல்லாமல் முதலில் 10 புள்ளி எடுக்கிற ஜோடிக்கு ஆட்டம், இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். காரணம் நேரம். ஒரு ஆட்டம் எவ்வளவு நேரம் போகும் என்று ஓரளவு கணக்குப் போட முடிந்தால்தான் கோர்ட்டுகளை ஒதுக்க முடியும், அன்றே ஒற்றையரும் ஆட வேண்டியவர்கள் இரட்டையருக்கும் பெயர் கொடுப்பார்கள்.

யாரைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். பந்தை விட்டுவிட்டு நெட்டில் நிற்கிறவரைப் பாருங்கள். சர்வ் போடும் முன் அவர் முதுகுக்குப் பின்னால் விரலால் ஏதோ காட்டுவார், அது பார்ட்னருக்கு: இந்தப் பந்துக்கு நான் குறுக்கே பாய்கிறேன், அல்லது இங்கேயே நிற்கிறேன். அதற்குத் தகுந்த மாதிரி சர்வ் நடுக்கோட்டுப் பக்கமோ வெளியேயோ விழும். எதிரில் ரிட்டர்ன் ஆடுகிறவர், இவர் பாய்வாரா மாட்டாரா என்ற சந்தேகத்திலேயே பந்தை வெளியே அடித்துவிடுவதும் உண்டு. நெட்டில் நிற்கிறவர் ராக்கெட்டால் பந்தைத் தொடாமலேயே எடுத்துக் கொடுத்த புள்ளி அது, ஸ்கோர் போர்டைப் பார்த்தால் தெரியாது.

பேஸ்லைன்_ராஜா:
நேர விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு மணி நேரம் ஆடி, ஆளுக்கு ஒரு செட் எடுத்து, ஜோடிகள் ஒருவரை ஒருவர் படித்து முடிக்கிற நேரத்தில் ஆட்டத்தைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மூடிவிடுவது இரட்டையர் ஆடுகிறவர்களுக்கு மரியாதை இல்லை. விம்பிள்டனில் பெண்கள் இரட்டையருக்கு முழு மூன்றாவது செட் உண்டு, 6-6 வந்தால்தான் 10 புள்ளி டை பிரேக். அங்கே முடிகிறது, மற்ற இடத்தில் ஏன் முடியாது?

வாலி_பிரியா:
ராஜா அண்ணா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, விம்பிள்டன் மாதிரி ஆடினால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த டை பிரேக்கை லேசாக நினைக்காதீர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்க ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? இதே ஸ்டெஃபானி, லாரா பிகோசியோடு. எதிரில் குதர்மெட்டோவா, வெஸ்னினா. டை பிரேக்கில் 5-9, நான்கு மேட்ச் பாயிண்ட் எதிராளி கையில், அதில் ஒன்றை எடுத்தாலே அவர்களுக்கு ஆட்டம். நான்கையும் காப்பாற்றி 11-9 என்று ஜெயித்தார்கள். டென்னிஸில் பிரேசிலுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். ஆறு புள்ளி தொடர்ந்து, ஒரு பந்து தவறினாலும் வீட்டுக்குத்தான். நான் டிவி முன்னால் நின்றுகொண்டே பார்த்தேன்.

மெரினா_சர்வ்:
அந்தப் பதக்கத்துக்கு அடுத்து நடந்ததைச் சொன்னால் கேலரி அப்பா பார்த்த ஆட்டத்தின் அருமை தெரியும். ஸ்டெஃபானியும் டப்ரோவ்ஸ்கியும் 2021 ஆகஸ்டில் மான்ட்ரியாலில் பட்டம் வென்று, நல்ல ஃபார்மில் யுஎஸ் ஓபன் அரையிறுதி வரை வந்தார்கள். எதிரில் கோகோ காஃப், கேட்டி மெக்னலி. முதல் செட் டை பிரேக்கில் ஸ்டெஃபானியின் முழங்கால் தசைநார் கிழிந்தது. வீல்சேரில் வெளியே கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு ஒரு வருடம் ஆட்டமே இல்லை. டப்ரோவ்ஸ்கி வேறு பார்ட்னர் தேட வேண்டியிருந்தது, ஜூலியானா ஒல்மோஸோடு ஆடி 2022 மாட்ரிட் பட்டமும் வென்றார்.

ஸ்டெஃபானி திரும்பி வந்து ஆடிய முதல் போட்டி நம் சென்னை. பக்கத்தில் அதே டப்ரோவ்ஸ்கி. நீங்கள் பார்த்த 6-1, 6-2 அதுதான். புது ஜோடியாக இருந்தால் ஒரு வாரத்தில் அப்படி ஒத்துப்போயிருக்குமா என்பது சந்தேகம், இவர்களுக்கு யார் எந்தப் பந்துக்குப் போவார் என்பது கிழிந்த முழங்காலுக்கு முன்பிருந்தே தெரியும். அதற்கடுத்த ஜனவரியில் ஸ்டெஃபானி ரஃபேல் மாடோஸோடு ஆஸ்திரேலிய ஓபன் கலப்பு இரட்டையர் பட்டத்தையும் எடுத்தார்.

கேலரி_அப்பா:
இது எதுவுமே தெரியாமல் கேலரியில் உட்கார்ந்து கை தட்டியிருக்கிறேன். மகளுக்கு வாசித்துக் காட்டினேன், முழங்கால் விஷயத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள், அப்புறம் பிரியா மேடம் சொன்ன விரல் சைகையைத் தோழிக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டாள். இன்னும் ஒன்று கேட்கச் சொல்கிறாள். இருவருமே வலது கைக்காரர்கள், ரிட்டர்னுக்கு யார் எந்தப் பக்கம் நிற்பது?

வாலி_பிரியா:
பேக்ஹேண்ட் ரிட்டர்ன் யாருக்குத் தைரியமாக வருகிறதோ அவர் இடப்பக்கம் நிற்கட்டும் சார். ஆட்டத்துக்கு முன்பே பேசி வைக்கச் சொல்லுங்கள், ஒரு செட் ஆரம்பித்துவிட்டால் அது முடிகிற வரை பக்கம் மாற்ற முடியாது. சனிக்கிழமை ஒரு செட் இப்படி, ஒரு செட் அப்படி ஆடிப் பார்த்துவிட்டு எப்படிப் போனது என்று இங்கே எழுதுங்கள்.