வட்டாபுலுவ ஆற்றங்கரையில்

போன வருடம் ஜூனில் கண்டிக்குப் போயிருந்தேன். முக்கியமாகப் பார்க்க நினைத்தது அங்கே மகாவலி ஆற்றங்கரையில் இருக்கும் வட்டாபுலுவ. 1803-இல் ஆங்கிலேயப் படை ஒன்று மொத்தமாக அழிந்த இடம்.

முதல் நாள், புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைக்குப் பின்னால் இருக்கும் உடவத்தைக் காட்டில் நடந்தேன். தூறல் விடவில்லை. திரும்பி வந்து ஷூவைக் கழற்றினால் காலுறை முழுக்க ரத்தம், உள்ளே இரண்டு அட்டைகள். கடித்ததே தெரியவில்லை. நகரத்தை ஒட்டிய காட்டிலேயே இந்தப் பாடு என்றால், பீரங்கியும் மூட்டைமுடிச்சுமாகக் கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் மலையேறி வந்தவர்களை நினைத்துப் பாருங்கள். கண்டிக்காரர்கள் பாதையை வேண்டுமென்றே குறுகலாக வைத்திருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகத்தான் வரமுடியும்.

அந்த 1803 பிப்ரவரியில் ஆங்கிலேயத் தளபதி மெக்டோவலின் படை உள்ளே நுழைந்தபோது ஊரில் ஆளே இல்லை. கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நகரைக் காலி செய்துவிட்டு மலைக்குள் போயிருந்தான். சரி, ஜெயித்தாயிற்று என்று, அரியணைக்கு உரிமை கோரி ஆங்கிலேயரோடு வந்த முத்துசாமியை அரசனாக்கினார்கள். அப்புறம் காய்ச்சல் வந்தது, வழிகள் அடைபட்டன. ஜூன் 24 அன்று கண்டிப்படை தாக்க, நகரில் இருந்த ஆங்கிலேயப் படையின் தலைவர் மேஜர் டேவி சரணடைந்து திருகோணமலைப் பக்கம் கிளம்பினார். நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளை நகரிலேயே விட்டுவிட்டுத்தான். அவர்களில் அநேகமாக எல்லோரும் கொல்லப்பட்டார்கள்.

வட்டாபுலுவவில் மகாவலி வழிமறித்தது. இப்போது கீழே பொல்கொல்ல அணை இருப்பதால் தண்ணீர் பழுப்பாகத் தேங்கி, சத்தமில்லாமல் கிடக்கிறது. அணையில்லாத காலத்து ஜூன் வெள்ளத்தை மனசுக்குள் கொண்டுவர வெகுநேரம் கரையிலேயே நின்றேன். படகு இல்லை, தெப்பமும் கைகொடுக்கவில்லை. முத்துசாமியை ஒப்படைக்கச் சொல்லி ராஜசிங்கனின் ஆட்கள் வந்தார்கள். டேவி முதலில் மறுத்தார், பிறகு கொடுத்துவிட்டார். நம்பி வந்தவரைக் கையளித்ததை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. முத்துசாமியைக் கொன்றார்கள், பிறகு படையினரையும். பார்ன்ஸ்லி என்ற கார்ப்பரல் வெட்டுக்காயத்தோடு ஆற்றைக் கடந்து போய்ச் செய்தி சொன்னார். டேவி கைதியாகவே இருந்து இறந்தார்.

ஊர் திரும்பியதும் வேலூர் போனேன். 1815-இல் சொந்தப் பிரதானிகளே ஆங்கிலேயரோடு சேர்ந்துவிட, அரசைப் பறிகொடுத்த அதே ராஜசிங்கன் இங்கேதான் சிறையிருந்து 1832-இல் இறந்தான். சமாதி முத்து மண்டபத்தில் இருக்கிறது, பாலாற்றங்கரையில். அன்று ஆற்றில் மணல் மட்டும்தான் இருந்தது.