இழை: டிராஃப்டிங்குக்குத் தமிழ்ல என்ன? (வரைவு வேண்டாம்!)

குழு நண்பர்களுக்கு வணக்கம்,

நெடுந்தொலைவு டிரையத்லான் உலக சாம்பியன்ஷிப் பத்தி தமிழ்ல ஒரு விளக்கக் கட்டுரை எழுதிட்டு இருக்கேன், கூடவே ஒரு சொல்பட்டியலும் போடணும். நீச்சல், சைக்கிள், ஓட்டம் வரைக்கும் ஒண்ணும் தகராறு இல்ல. டிராஃப்டிங்குல வந்து நிக்குது வண்டி. இயந்திர மொழிபெயர்ப்புல போட்டா "வரைவு"ன்னு தர்றான். "வரைவு செய்ததற்காக அவருக்கு ஐந்து நிமிட அபராதம்"னு படிச்சா யாரோ மசோதா எழுதி மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு.

இந்த விளையாட்டு பாக்காதவங்களுக்கு ரெண்டு வரி: முன்னாடி போற சைக்கிளுக்குப் பின்னாடியே நெருங்கி ஓட்டினா எதிர்க்காத்தை அவன் வாங்கிக்குவான், நமக்கு அதே வேகத்துக்குக் கம்மி பலம் போதும். 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம்னு போற போட்டியில சைக்கிள்ல மிச்சம் பிடிச்ச பலம் முழுக்க மாரத்தான்ல கைகொடுக்கும், அதனால அது குத்தம்னு வச்சிருக்காங்க.

நான் யோசிச்ச சொற்கள்: காற்றொதுங்கல், வாலொட்டல், நிழற்சவாரி. எது தேறும்?

இன்னொண்ணு, எலைட்டுக்கு அகராதியில "மேட்டுக்குடி"ன்னு கிடக்கு. "மேட்டுக்குடி ஆண்கள் பிரிவு"ன்னு எழுதினா அடிக்க வர மாட்டீங்களே?

———

தம்பி,

அடிக்கத்தான் வருவேன். மேட்டுக்குடிங்கறது வர்க்கத்தைச் சொல்ற சொல், திறமையைச் சொல்லாது. "முதல்நிலை வீரர்"னு போடுங்க, மத்தவங்களை வயசு வாரியாப் பிரிக்கறதால அவங்க "வயதுப்பிரிவு வீரர்". இதுல ரொம்ப மெனக்கெட வேண்டாம்.

டிராஃப்டிங்குக்கு என் ஓட்டு காற்றொதுங்கலுக்கு. மழைக்கு ஒதுங்கறோம், வெயிலுக்கு ஒதுங்கறோம், காத்துக்கும் ஒதுங்கலாம், புதுசா ஒண்ணும் சொல்லித்தர வேண்டியதில்ல. வாலொட்டல்ல வசவு வாடை அடிக்குது. நிழற்சவாரி கேக்க நல்லாருக்கு, ஆனா எவனோ மரநிழல்ல சொகுசா சைக்கிள் ஓட்டறான்னு நினைப்பாங்க.

———

ஐயா சொன்னதுல ஒதுங்கல் வரைக்கும் எனக்கு சம்மதம், முன்னாடி ஒட்டியிருக்கற "காற்று"தான் இடிக்குது. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க, இந்த விளையாட்டை ராத்திரி முழிச்சிருந்து நேரலையில பாக்கற ஆளு நான்.

முதல்ல நீச்சல். தண்ணியிலயும் டிராஃப்டிங் உண்டு, அங்க அது குத்தமே கிடையாது. முன்னாடி நீந்தறவரோட பாதத்துக்கு நேர் பின்னாலயோ இடுப்புப் பக்கமாவோ ஒண்டிக்கிட்டா அவர் கிழிச்சுவிட்ட தண்ணியிலயே போகலாம். தண்ணி காத்தைவிட சுமார் 800 மடங்கு அடர்த்தி, அதனால வேகம் கம்மியா இருந்தாலும் மிச்சம் கணிசமா இருக்கும். ஹவாயில கோனாங்கற ஊர்ல நடக்கற உலக சாம்பியன்ஷிப்புல கடல் வெதுவெதுன்னு இருக்கறதால முதல்நிலை வீரர்களுக்கு வெட்சூட் (மிதக்க உதவற ரப்பர் உடை) கிடையாது, அந்த மிதப்பு உதவி இல்லாத இடத்துல யார் பாதத்தைப் பிடிச்சுப் போறோம்ங்கறது இன்னும் முக்கியம். நீச்சல்ல கொஞ்சம் சுமாரான ஆளு கூட சரியான பாதத்தைப் பிடிச்சா முன்கூட்டத்தோட கரையேறிடலாம், அதை விட்டுட்டா சைக்கிள்ல நாள் பூரா தனியா துரத்தணும். இதைப் போய் காற்றொதுங்கல்னு எழுதுவீங்களா? ஓட்டத்துலயும் எதிர்க்காத்து அடிச்சா ஒருத்தர் முதுகுக்குப் பின்னாடி இன்னொருத்தர் போறது உண்டு. மூணுக்கும் பொதுவா இருக்கணும்னா "பின்னொதுங்கல்" போதும், எதுலேருந்து ஒதுங்கறோம்ங்கறதை வாக்கியம் சொல்லிக்கும்.

ஆனா என் பெரிய பிரச்சினை இது இல்ல. ஆங்கிலத்துல டிராஃப்டிங்ங்கற ஒரே சொல்லு ரெண்டு வேறவேற சமாச்சாரத்தைச் சுமக்குது. ஒண்ணு இயற்பியல், அதாவது முன்னாடி போறவர் பின்னால காத்து தளர்ந்து கிடக்கற இடத்துல போய் பலன் அடையறது. இன்னொண்ணு குத்தம், நடுவர் அட்டை காட்டற விஷயம். ரெண்டும் ஒண்ணுன்னு எல்லாரும் நினைக்கறாங்க, கிடையாது.

நடுவர் மோட்டார் சைக்கிள்ல பக்கத்துல வர்றாரு இல்லையா, அவர் காத்தை அளக்கறதில்ல. மீட்டரும் விநாடியும்தான் அவருக்குத் தெரியும். கோனாவுல பல வருஷமா 12 மீட்டர் கணக்கு இருந்துச்சு, முன்சக்கரத்துல இருந்து முன்சக்கரத்துக்கு, அதை வச்சே சொல்றேன். அதுக்குள்ள நுழைஞ்சா 25 விநாடிக்குள்ள தாண்டிப் போயே ஆகணும், நுழைஞ்சிட்டு மனசு மாறி பின்வாங்கக் கூடாது. தாண்டப்பட்டவரும் "நான் முதல்லயே இங்கதானே இருந்தேன்"னு ஒட்டிக்கிட்டு வர முடியாது, அவர்தான் பின்னாடி விலகிக்கணும், விலகலேன்னா அட்டை அவருக்கு. கோனாவுல பக்கக்காத்து பேர்போனது, அங்க பின்சக்கரத்துக்கு டிஸ்க் வீல் (கம்பி இல்லாம தட்டு மாதிரி மூடின சக்கரம்) போடவே தடை இருக்கு. அப்படி பக்கத்துல இருந்து காத்து அடிக்கறப்ப நேர் பின்னாடி போறவருக்கு மறைப்பு பெருசா கிடைக்காது, ஆனாலும் 12 மீட்டருக்குள்ள தங்கினா குத்தம் குத்தம்தான், "எனக்கு ஒரு லாபமும் வரல சார்"னு சொன்னா எடுபடாது.

இதையே திருப்பிப் பாருங்க. 13 மீட்டர்ல போறவர் மேல ஒரு குத்தமும் இல்ல, ஆனா பலன் கிடைச்சுக்கிட்டேதான் இருக்கு! 12 மீட்டருக்கு அந்தப் பக்கம் போனதும் காத்து சுவர் மாதிரி திரும்ப வந்துடாது, மெல்ல மெல்லத்தான் குறையும். காத்தெதிர்ப்பு வேகத்தோட வர்க்கமாவும் அதை எதிர்க்கத் தேவைப்படற திறன் வேகத்தோட கனமாவும் ஏறும், அதனால 45 கி.மீ. வேகத்துல சின்ன மறைப்பு கூட வாட் கணக்குல தெரியும். முதல்நிலை ஆண்கள் நீச்சல் முடிஞ்சு வெளிய வந்ததும் எட்டு பத்து பேர் சட்டப்படி இடைவெளி விட்டே வரிசையா ரயில் பெட்டி மாதிரி போவாங்க. எஞ்சின்ல இருக்கறவர் மூச்சு வாங்கிட்டு இருப்பாரு, அஞ்சாவது பெட்டியில இருக்கறவர் நிம்மதியா சாப்பிட்டுக்கிட்டு வருவாரு. எல்லாமே விதிக்கு உட்பட்டது. இந்தக் கொடுமை தாங்காமத்தான் ஜெர்மனியோட ரோத் மாதிரி போட்டிகள்ல 20 மீட்டர்னு ஏத்தினாங்க. சைக்கிள் மேலயே பொருத்தி இடைவெளியை அளந்து, பின்னாடி வர்றவருக்கு விளக்கு காட்டற ரேஸ்ரேஞ்சர் கருவியும் வந்தாச்சு. கேமரா தூக்கிட்டுப் போற மோட்டார் சைக்கிளுக்குப் பின்னாடி கிடைக்கற மறைப்பு வேற தனிக் கதை, அதைப் பத்தி வீரர்கள் புலம்பாத வருஷமே இல்ல.

2024 கோனாவை எடுத்துக்கங்க. சாம் லெய்ட்லோ முன்னணியில போய் சைக்கிளை 3 மணி 57 நிமிஷம் 22 விநாடியில முடிச்சாரு, தடத்தோட சாதனை, சராசரி மணிக்கு 45 கி.மீ.க்கு மேல. முன்னாடி போறவருக்கு ஒதுங்க இடம் ஏது? மாரத்தான்ல மனுஷன் காலியாகி எங்கயோ பின்னாடி போய்ட்டாரு. 2 மணி 37 நிமிஷத்துல ஓடின பாட்ரிக் லாங்கே 7:35:53ல ஜெயிச்சாரு. லெய்ட்லோ கவுந்ததுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், ஆனா முன்னாடி தனியா போறதுக்கு ஒரு விலை இருக்குங்கறது இந்த விளையாட்டைப் பாக்கற எல்லாருக்கும் தெரியும். "டிராஃப்டிங்தான் தடையாச்சே, அப்புறம் முன்னாடி போனா என்ன பின்னாடி போனா என்ன"ன்னு உங்க வாசகர் கேட்டா, தடைங்கறது இடைவெளிக்குத்தான், பலனுக்கு இல்லன்னு விளக்கற மாதிரி சொல் இருக்கணும்.

அதனால நான் சொல்றது, பலனுக்குப் "பின்னொதுங்கல்", குத்தத்துக்கு "இடைவெளி மீறல்", அந்த 12 அல்லது 20 மீட்டருக்கு "விலகு தொலைவு". முன்னாடி போறவர் பின்னால காத்து தளர்ந்து கிடக்கற இடம் இருக்கே, ஸ்லிப்ஸ்ட்ரீம், அதுக்கு "காற்று மறைவு". பள்ளிக்கூடப் புவியியல்ல மலைக்கு அந்தப் பக்கம் மழை கிடைக்காத இடத்தை மழை மறைவுப் பிரதேசம்னு படிச்சோமே, அதே அச்சு.

அபராதம்ங்கற சொல்லும் எனக்கு உவப்பா இல்ல, படிச்சதும் காசு கட்டற ஞாபகம்தான் வருது. இங்க காசு இல்ல, கூடாரத்துல போய் 5 நிமிஷம் சும்மா நிக்கணும், மத்தவங்க கண்ணு முன்னாடி பறந்து போய்க்கிட்டு இருப்பாங்க. 2016ல இதே லாங்கே கோனாவுல அப்படி 5 நிமிஷம் நின்னுட்டு, அப்புறமும் 2:39:45ல மாரத்தான் ஓடி மூணாவதா வந்தாரு, 1989ல மார்க் ஆலன் வச்ச ஓட்டச் சாதனை அன்னிக்குத்தான் உடைஞ்சது. "நேரத் தண்டம்"னு போடுங்க, கூடாரம் "தண்டக் கூடாரம்".

———

எல்லாம் சரி, ஒரு சங்கடம் இருக்கு, யாரும் சொல்லாததால நானே சொல்றேன். ஊர்ப்பக்கம் "ஒதுங்கிட்டு வரேன்"னா என்ன அர்த்தம்? வயக்காட்டுப் பக்கம் போறது! அதுலயும் முன்னாடி "பின்" வேற சேத்து பின்னொதுங்கல்னு எழுதினா பசங்க ஒரு வாரம் சிரிப்பானுங்க. "மறைவு"ம் லேசுப்பட்டது இல்ல, இரங்கல் செய்தி ஞாபகம் வருது.

"அண்டல்"னு வைக்கலாமே? அண்டிப் போறதுன்னா நெருங்கறதும் ஆச்சு, இன்னொருத்தர் தயவுல போறதும் ஆச்சு. சின்ன சொல், தண்ணி காத்து ரெண்டுக்கும் பொருந்தும்.

———

அக்கா, சிரிச்சு முடிக்க நேரமாச்சு. அந்த அர்த்தத்துல பாத்தாலும் பொருத்தம் இல்லாம இல்ல, எட்டு மணி நேரம் ஓடற போட்டியில அதுக்குன்னு சைக்கிளை விட்டு இறங்கறவங்க ரொம்பக் கம்மி, ஓட்டிக்கிட்டே முடிச்சுக்குவாங்க.

அண்டல் நல்ல சொல்தான், மறுக்கல. ஆனா அண்டிப் பிழைக்கறான்னு சொல்றப்ப ஒரு இளப்பம் வருது பாருங்க, அது இங்க ஒத்துவராது. ஒலிம்பிக் தூரப் போட்டியில, அதாவது 1.5, 40, 10 கி.மீ. போட்டியில, முதல்நிலை வீரர்கள் சைக்கிள்ல கூட்டமா ஒட்டிப் போறதுக்கு 1995லேருந்தே அனுமதி உண்டு. 2000 சிட்னியில ஒலிம்பிக்குக்குள்ள வந்ததும் அந்த வடிவம்தான். அங்க அது திறமை, முறை வச்சு மாத்தி மாத்தி முன்னாடி வந்து காத்தை வாங்கிக்குவாங்க. கிறிஸ்டியன் ப்ளூமென்ஃபெல்ட் டோக்கியோவுல அந்த வடிவத்துல தங்கம் வாங்கிட்டு, அடுத்த வருஷமே 2022 மே மாசம் அமெரிக்காவோட செயின்ட் ஜார்ஜ்ல நெடுந்தொலைவுலயும் உலகப் பட்டம் எடுத்தாரு. ஒரே ஆளு ஒரு போட்டியில கூட்டத்தோட போறாரு, இன்னொண்ணுல விலகிப் போறாரு, ரெண்டுக்கும் ஒரே சொல் போட்டா அது திட்டாவும் இருக்கக் கூடாது, பாராட்டாவும் இருக்கக் கூடாது. ஒதுங்கல் அந்த விதத்துல நடுநிலை.

சிரிப்பு வருதுன்னா "பின்" வேண்டாம், வெறும் "ஒதுங்கல்"னே விட்டுடலாம். "ஒதுங்கல் அனுமதிப் போட்டி", "இடைவெளிப் போட்டி"ன்னு ரெண்டு வகை. ரெண்டாவதை "ஒதுங்கல் தடைப் போட்டி"ன்னு வேணும்னேதான் சொல்லல, காரணம் மேல எழுதினதுதான்.

———

மூணு பேருக்கும் நன்றி. இடைவெளி மீறலும் விலகு தொலைவும் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கறேன். ஒரு வாக்கியம் எழுதிப் பாத்தேன்: "விலகு தொலைவுக்கு வெளியேயும் ஓரளவு ஒதுங்கல் பலன் கிடைப்பதால், முன்கூட்டத்தில் எத்தனையாவது ஆளாகப் போகிறோம் என்பதற்கே வீரர்கள் போட்டி போடுகிறார்கள்." விளக்கமே இல்லாம புரியுது. முதல் தடவை வர்ற இடத்துல மட்டும் "காற்றுக்கு ஒதுங்கல்", "நீரில் ஒதுங்கல்"னு விரிச்சு எழுதிடறேன், அக்கா சொன்ன ஆபத்தும் போய்டும். தண்டக் கூடாரத்துக்கு மட்டும் மனசு வரல, தண்டம்னா "தண்டமா உக்காந்திருக்கான்"னு ஆகுது (நிஜமாவே அப்படித்தான் நிக்கறாங்கங்கறது வேற). பெனால்டி கூடாரம்னே விட்டுடறேன்.

தலைப்புலதான் முட்டுது. டிரையத்லானுக்கு சில இடங்கள்ல "நெடுமுப்போட்டி"ன்னு புழங்குது. அதை எடுத்தா எனக்கு "நெடுந்தொலைவு நெடுமுப்போட்டி"ன்னு ஆகும், குறுந்தொலைவுப் போட்டிக்கு "குறுந்தொலைவு நெடுமுப்போட்டி", கேக்கவே கூத்தா இருக்கு. அயர்ன்மேன்னு பொதுவா எழுதவும் முடியாது, அது ஒரு கம்பெனியோட வணிகப் பெயர். ரோத் 2001 வரைக்கும் அந்தப் பெயர்ல நடந்துது, 2002லேருந்து சேலஞ்ச்னு நடக்குது, தூரம் என்னவோ அதேதான். உலக டிரையத்லான் அமைப்போட நெடுந்தொலைவு சாம்பியன்ஷிப்போ 1994ல நீஸ்ல ஆரம்பிச்சது, அதுல 4, 120, 30 கி.மீ.ன்னு வேற தூரம் எல்லாம் வச்சிருக்காங்க. அதனால "முப்போட்டி"ன்னு சுருக்கி, நெடுந்தொலைவு, குறுந்தொலைவுன்னு முன்னாடி சேத்துக்கறேன்.

டிரான்சிஷனுக்கு "மாற்றிடம்"னு போட்டிருக்கேன், தண்ணியில இருந்து சைக்கிளுக்கு, சைக்கிள்ல இருந்து ஓட்டத்துக்கு மாறற இடம். ஆட்சேபணை உண்டா?

———

இடத்துக்குச் சரி தம்பி. ஆனா அங்க ஆகற நேரத்தையும் டிரான்சிஷன்னுதான் சொல்றாங்க போல, "மாற்றிடம் 2 நிமிடம்"னு எழுத முடியாதே. அதுக்கு "மாறுநேரம்"னு தனியா ஒண்ணு சேத்துக்கங்க. முதல் மாற்றத்துக்கு டி1, ரெண்டாவதுக்கு டி2ன்னு சொல்றது அப்படியே இருக்கட்டும், அதைத் தொட வேண்டாம்.